வினைமுற்று எங்கே வரும்? டச்சு மொழிக் கேள்வி பதில்

கேள்வி: 'மொர்ஹென் இக் வெர்க்' (நாளை நான் வேலை செய்கிறேன்) என்றால் திருத்துகிறார்கள். 'ஒம்தாத்' (ஏனென்றால்) சேர்த்தால் வேறு விதமாகத் திருத்துகிறார்கள். விதிதான் என்ன?
– வாசகர், ஐந்தோவன்

பதில்: தனி வாக்கியத்தில் வினைமுற்றுக்கு இரண்டாம் இடம். முதல் இடத்தில் எதுவும் வரலாம். ஆனால் ஒன்றுதான் வரலாம். 'மொர்ஹென்' அங்கே வந்துவிட்டால் 'இக்' வினைக்குப் பின்னால் போகும்: 'மொர்ஹென் வெர்க் இக்'. சொற்களை எண்ணாதீர்கள்; 'அடுத்த வாரம் திங்கட்கிழமை' என்பது முழுவதும் ஒரே இடம்தான்.

'ஒம்தாத்', 'தாத்' (என்று), 'அல்ஸ்' (என்றால்) தொடங்கும் துணை வாக்கியத்தில் வினை தமிழைப் போலவே கடைசிக்குப் போகும்: 'ஒம்தாத் இக் மொர்ஹென் வெர்க்'. இது நமக்குச் சுலபம். சறுக்குவது அடுத்த படியில். துணை வாக்கியம் முன்னால் வந்தால் அது மொத்தமும் முதல் இடம். உடனே முதன்மை வினை வந்தாக வேண்டும். 'ஒம்தாத் இக் ஸீக் பென், ப்ளெய்ஃப் இக் தௌஸ்' (உடம்பு சரியில்லாததால் வீட்டில் இருக்கிறேன்). பென், ப்ளெய்ஃப் என இரண்டு வினைகள் அடுத்தடுத்து நிற்கின்றன பாருங்கள், அதுதான் சரி.

பேச்சில் தடுமாறினால் 'வண்ட்' கைகொடுக்கும். அதற்கும் பொருள் 'ஏனென்றால்'தான், ஆனால் வினையை நகர்த்தாது: 'வண்ட் இக் பென் ஸீக்'. அதை வைத்து வாக்கியத்தைத் தொடங்க மட்டும் முடியாது.

கேள்வி: 'ஒப்பெல்லென்' (போன் செய்தல்) சில இடங்களில் உடைகிறது, சில இடங்களில் சேர்கிறது. எப்போது உடையும்?
– வாசகி, ரோட்டர்டாம்

பதில்: தனி வாக்கியத்தில் உடையும், 'ஒப்' கடைசிக்குப் போகும்: 'இக் பெல் யெ மொர்ஹென் ஒப்'. துணை வாக்கியத்தில் சேரும்: 'ஒம்தாத் இக் யெ மொர்ஹென் ஒப்பெல்'. இறந்தகால எச்சத்தில் 'ஹெ' நடுவில் நுழையும்: 'ஒப்ஹெபெல்ட்'. 'தெ'யும் (ஆங்கில 'to' போன்றது) அப்படியே: 'ஒப் தெ பெல்லென்'.

எந்த வினை உடையும் என்பதை அழுத்தத்தை வைத்துக் கண்டுபிடியுங்கள். முன்னொட்டில் அழுத்தம் விழுந்தால் உடையும். 'ஃபோர்கோமென்' என்பதில் 'ஃபோர்' அழுந்தினால் 'நிகழ்தல்', உடையும். 'கோ' அழுந்தினால் 'தடுத்தல்', உடையாது. 'பெ', 'ஃபெர்', 'ஒன்ட்' முன்னொட்டுகள் உடைவதே இல்லை, 'ஹெ'யும் ஏற்காது.

கேள்வி: 'அதற்காகக் காத்திருக்கிறேன்' என்பதற்கு 'இக் வஹ்த் ஒப் ஹெத்' சரியா?
– வாசகர், உத்ரெக்ட்

பதில்: தவறு. பொருளைச் சுட்டும்போது 'ஒப் ஹெத்' என்பது 'எரொப்' ஆகிவிடும்: 'இக் வஹ்த் எரொப்'. ஆளைச் சுட்டினால் 'ஒப் ஹெம்'. 'மெத்' (உடன்) வடிவம் மாறி 'எர்மே' ஆகும். 'தொத்' (வரை) அதேபோல 'எர்தூ' ஆகும்.