சீனத் தற்காப்புக் கலையான தாய்ச்சியில் நேராக நிற்பது எப்படி? – கேள்வி பதில்

கேள்வி: முதுகை நேராக வைத்து நின்றால் சீக்கிரமே கீழ்முதுகு வலிக்கிறது. ஏன்?

பதில்: பெரும்பாலும் நெஞ்சை நிமிர்த்துவதால் வருவது இது. நெஞ்சு முன்னால் வந்தால் கீழ்முதுகு உள்ளே வளையும். பாரம் முழுக்க அங்கே இறங்கும். தாய்ச்சியின் யாங் பாணி ஆசான் யாங் செங்ஃபூ (1883–1936) வகுத்த பத்து விதிகளில் முதல் மூன்றையும் சேர்த்தே பாருங்கள்: உச்சந்தலை லேசாக மேலெழ வேண்டும், நெஞ்சு சற்று உள்வாங்க வேண்டும், இடுப்பு தளர வேண்டும். மேலே எழுவது தலை மட்டும்தான், மற்றதெல்லாம் கீழே இறங்குகிறது.

வீட்டிலேயே சோதிக்கலாம். சுவரில் முதுகைச் சாய்த்து, குதிகாலை ஒரு சாண் முன்னால் வையுங்கள். முழங்காலை மெல்ல மடக்கினால் கீழ்முதுகுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி தானாகக் குறையும். பிட்டத்தை இறுக்கி உள்ளே தள்ளாதீர்கள்; அது இன்னொரு இறுக்கம், அவ்வளவுதான்.

கேள்வி: தாய்ச்சியின் இன்னொரு வகையான வூ பாணியில் முன்னால் சாய்ந்தே செய்கிறார்களே, அது தவறில்லையா?

பதில்: இல்லை. அந்தப் பாணியின் ஆசான் வூ ஜியன்சுவான் (1870–1942) வழியில் முன்னங்காலில் பாரம் ஏறும்போது உச்சந்தலையிலிருந்து பின்குதிகால் வரை ஒரே கோடாக இருக்கும். சாய்ந்திருந்தாலும் கோடு உடையவில்லை. இடுப்பில் மடிந்து குனிந்தால்தான் பிசகு.

கேள்வி: திரும்பும்போது முழங்கால் வலிக்கிறது.

பதில்: முழங்காலால் திரும்புகிறீர்கள். திருப்பம் தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்பில் நடக்க வேண்டும். சீனர்கள் அதைக் குவா என்பார்கள். முழங்கால் எப்போதும் பாதம் பார்க்கும் திசையையே பார்க்கட்டும். இது பழகும்வரை தாழ நிற்காதீர்கள். வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: நின்ற நிலைப் பயிற்சி எவ்வளவு நேரம்?

பதில்: தொடக்கத்தில் ஐந்து நிமிடம் போதும். தோள் ஏறத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: இருவர் கைகோத்துத் தள்ளும் பயிற்சியில் எளிதில் நிலை தடுமாறுகிறேன்.

பதில்: தள்ளு வரும்போது தோளை இறுக்கினால் அந்த விசை அப்படியே மேலுடம்பைச் சாய்த்துவிடும். தோளை விடுங்கள், குவாவில் அமருங்கள், இடுப்பைத் திருப்பி விசையைப் பக்கவாட்டில் போக விடுங்கள். அப்புறம் ஒன்று: நடுவில் எதிராளியைச் சட்டென்று கையை எடுக்கச் சொல்லுங்கள். முன்னால் தள்ளாடினால், அதுவரை உங்கள் பாரத்தை அவர்தான் தாங்கிக்கொண்டிருந்தார்.