நோயாளிகளுக்காக ஜெபிக்கும் ஊழியத்தில் இருப்பவர் உள்ளுக்குள் சோர்ந்துபோனால் என்ன செய்வது?

கேட்டிருப்பவர் ஆஸ்பத்திரி ஊழியத்தில் இருக்கிறாராம். பிறருக்காக ஜெபித்து ஜெபித்து, இப்போது தனக்காக ஜெபிக்க வாய் வரவில்லையாம். சபையில் சொன்னால் விசுவாசக் குறைவு என்கிறார்களாம். அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் இறையியல் படித்தவள் இல்லை. சிங்கப்பூரில் ஒரு சரக்குக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வேலை முடிந்ததும் சபைக் குழுவோடு ஆஸ்பத்திரி, டயாலிசிஸ் நிலையம், சில நேரம் தொழிலாளர் விடுதி என்று போவேன். பல வருஷமாகப் போகிறேன். நீங்களும் என்னைப் போல வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்து, ராத்திரி வாட்சாப்பில் வரும் 'அவசர ஜெபம்' செய்திக்கெல்லாம் ஆமென் போடுகிறவர் என்றே வைத்துக்கொள்கிறேன்.

அலைச்சல் ஒரு நாள் படுத்து எழுந்தால் போய்விடும். 'கை வைத்து ஜெபித்தோமே, ஏன் எழுந்திருக்கவில்லை' என்ற கேள்விதான் உள்ளே கிடந்து அரிக்கும்.

கப்பல் பட்டறையில் வேலை பார்த்த ஒரு பையன், தஞ்சாவூர்ப் பக்கம். உயரத்திலிருந்து விழுந்து ஐசியூவில் கிடந்தான். இங்கே அவனுக்குச் சொந்தம் யாரும் இல்லை. சாயங்காலம் நான்தான் போய் அவன் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டுவேன். "அக்கா, அவன் நெத்தியத் தொட்டுப் பாருங்க, சூடு இருக்கா?" என்பார். கையுறைக்கு மேலேயே லேசாகத் தெரியும். "இருக்கும்மா" என்றதும் அழுகையை நிறுத்திவிட்டு அவனிடம் பேச ஆரம்பிப்பார். மாடு கன்று போட்டதைச் சொல்வார், பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொல்வார். நான் போனை அவன் காதோரம் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

சபையே உபவாசம் இருந்தது. பையன் போய்விட்டான். உடல் விமானத்தில் ஊருக்குப் போனது. அந்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் வேறொருவர் சுகமானதற்குக் கை தட்டினோம். இவன் பெயரை யாரும் எடுக்கவில்லை. அடுத்த வாரம் வேறு வார்டுக்குப் போகச் சொன்னார்கள், போனேன். அங்கே ஜெபம் பழக்கத்தில் வந்துவிட்டது. வீட்டில் தனியாக முழங்கால் போட்டால்தான் ஒரு வார்த்தையும் வரவில்லை.

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா ஒருவர் உண்டு. என்னைக் கோப்பிக் கடையில் உட்காரவைத்து, ஒரு தே ஓ வாங்கிக் கொடுத்து, இரண்டாம் தீமோத்தேயு நாலாம் அதிகாரத்தைத் திறக்கச் சொன்னார். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவிட்டு வந்ததாகப் பவுல் அதில் எழுதுகிறார். அவர் உடம்பில் பட்ட உறுமாலைப் போட்டாலே வியாதி நீங்கியது என்று அப்போஸ்தலர் 19 சொல்கிறது. அப்படிப்பட்டவர் கூட வந்த ஆளைச் சுகமாக்க முடியாமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறார், அதை ஒளிக்காமல் எழுதியும் இருக்கிறார். விளக்கம் கிடையாது. துரோப்பீமுவுக்கு விசுவாசம் பத்தவில்லை என்றும் சொல்லவில்லை. "நீ என்ன பவுலைவிடப் பெரிய ஆளா?" என்றார் அக்கா. அப்புறம் நான் அந்தப் பையனைப் பற்றிப் பேசப் பேசக் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஜெபம்கூடப் பண்ணவில்லை.

இப்போது நான் வார்டுக்குத் தனியாகப் போவதில்லை. இயேசு எழுபது பேரை அனுப்பியபோதும் இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்பினார். இறந்தவர்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதைத் திறந்துவைத்து 88ஆம் சங்கீதத்தை வாசிப்பேன். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் துதியில் வந்து நிற்கும், இது இருட்டிலேயே முடிந்துவிடும். (மரித்தவர்களுக்காக ஜெபிக்கிறாயா என்று யாரும் கிளம்ப வேண்டாம். அழுகிறேன், அவ்வளவுதான்.)

முடிகிறபோது ஆஃபிர் சாலை லூர்து மாதா கோவிலுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருவேன். 1888இல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக எழுந்த கோவில். நான் பெந்தெகொஸ்தே. அங்கே என்னை யாருக்கும் தெரியாது, "சிஸ்டர், ஒரு ஜெபம் பண்ணுங்க" என்று யாரும் வரமாட்டார்கள். மாதாவை வணங்கப் போகிறாள் என்று கமெண்ட் போடத் துடிப்பவர்களுக்கு: உட்காரத்தான் போகிறேன். இன்னொன்றும் கேளுங்கள். பிரான்ஸில் இருக்கும் லூர்துக்கு வருஷா வருஷம் லட்சக்கணக்கானவர்கள் போகிறார்கள். 1858இலிருந்து இன்றுவரை கத்தோலிக்கத் திருச்சபை அங்கே அற்புத சுகம் என்று முறைப்படி ஏற்றுக்கொண்டவை எழுபது சொச்சம்தான். நம் பக்கத்தில் ஒரே கூட்டத்தில் அதைவிட அதிகம் அறிவித்துவிடுவார்கள். சுகமாகாமல் வீடு திரும்புகிறவர்களை அப்புறம் சந்திக்கப் போவது யார்? நாம்தான்.

சந்திப்பது என்றதும் ஞாபகம் வருகிறது. ஆண்டு விழாவுக்கு ஊரிலிருந்து வரும் பிரசங்கியாருக்குப் பொன்னாடை, ஓட்டல் அறை. வருஷம் முழுக்க வார்டு வார்டாக நடக்கிற பெண்களுக்கு அன்றைக்கும் பிரியாணி பரிமாறும் வேலை. வாடகை ஹால், நேரத்துக்குள் காலி செய்ய வேண்டும், நாற்காலி அடுக்குவதும் நாங்களேதான். பாஸ்டர் நல்ல மனுஷர், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சால்வையில் ஒன்றை நர்ஸ் அக்காவுக்குப் போட்டால் என்ன குறைந்துவிடும்? சரி, விடுங்கள்.

உங்களுக்குத் தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் ஜெபக்குழுவோடு நிற்காமல் பாலிகிளினிக்குக்குப் போங்கள். சிங்கப்பூரில் இருக்கிறீர்கள் என்றால், ராத்திரியில் தாங்க முடியாமல் போகும்போது சமாரிட்டன்ஸ் எண் 1767, எந்நேரமும் கூப்பிடலாம். ஊழியக்காரர் டாக்டரிடம் போகலாமா என்று சபையில் யாராவது கேட்டால் அதே இரண்டாம் தீமோத்தேயு நாலாம் அதிகாரத்தைக் காட்டுங்கள். மற்றவர்கள் போய்விட்ட நேரத்தில் பவுலோடு இருந்தவன் லூக்கா மட்டும் என்று பதினோராம் வசனத்தில் இருக்கிறது. லூக்காவுக்கு என்ன தொழில் என்று கேட்டவரையே சொல்லச் சொல்லுங்கள்.