சென்சாரைக் கன்ட்ரோலருடன் இணைக்க ஏன் 4–20 மில்லிஆம்பியர்?

இருக்கும் அளவை வேண்டிய அளவோடு ஒப்பிட்டு, வித்தியாசத்துக்கு ஏற்ப ஹீட்டரையோ வால்வையோ திருத்துவதுதான் பின்னூட்டக் கன்ட்ரோலர். சென்சார் அதற்குக் கண், ஹீட்டர் கை. தொல்லை பெரும்பாலும் நடுவிலுள்ள கம்பியில்தான்.

தகவலை வோல்ட்டாக அனுப்பினால், நீளமான கம்பியில் இழப்பும் பக்கத்து மோட்டாரின் மின் இரைச்சலும் அளவைக் கெடுக்கும். 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரையிலான மின்னோட்டமாக அனுப்பினால் அப்படியல்ல. தண்ணீர்க் குழாயை நினைத்துப் பாருங்கள்: கசியாத குழாயில் அழுத்தம் வழியில் குறையலாம். நுழைந்த தண்ணீர் முழுவதும் மறுமுனையில் வந்துவிடும். மின்னோட்டமும் அதுபோலத்தான்; கம்பியின் மறுமுனையில் 250 ஓம் மின்தடை வைத்தால் அந்த மின்னோட்டம் 1 முதல் 5 வோல்ட்டாகக் கிடைக்கும்.

சரி, 0 இல் தொடங்காமல் 4 ஏன்? 0–100 டிகிரி சென்சாரில் 0 டிகிரிக்கு 4, 50 டிகிரிக்கு 12, 100 டிகிரிக்கு 20 மில்லிஆம்பியர். மீட்டர் 0 காட்டினால் கம்பி அறுந்துவிட்டது என்று அர்த்தம். இது உண்மையிலேயே அருமையான ஏற்பாடு. இல்லாவிட்டால் அறுந்த கம்பியைக் குளிர் என்று நினைத்துக் கன்ட்ரோலர் ஹீட்டரை முழு வேகத்தில் ஓட்டிவிடும்.

அப்புறம், கன்ட்ரோலரின் 4–20 வெளியீட்டிலேயே ஹீட்டர் ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது வெறும் கட்டளை, ஹீட்டருக்கான மின்சாரம் தனி சப்ளையிலிருந்து தைரிஸ்டர் யூனிட் (கட்டளைக்கு ஏற்ப மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் சுவிட்ச்) வழியாக வரவேண்டும்.