நானோ களிமண் சேர்த்ததும் இழுவிசை வலிமை இறங்கிவிட்டது

ரப்பர் கலவையில் நானோ களிமண் சேர்த்ததும் இழுவிசை வலிமை, அதாவது இழுத்தால் அறாமல் தாங்கும் திறன், இறங்கிவிட்டது என்று கேட்டிருந்தீர்கள். களிமண்ணின் அளவைக் கூட்டாதீர்கள், சேர்க்கும் வரிசையை மாற்றுங்கள். 100 பாகம் ரப்பருக்கு 50 பாகம் கார்பன் பிளாக்கையும் (ரப்பரை வலுவாக்கும் நுண்ணிய கரித்தூள்) 5 பாகம் நானோ களிமண்ணையும் ஒன்றாகக் கொட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான்.

களிமண்ணின் ஒரு தகடு சுமார் 1 நானோமீட்டர் தடிமன்தான். ஆனால் பையிலிருந்து வரும்போது அவை அடுக்கடுக்காக ஒட்டிக்கிடக்கும். பிரியாத கட்டி, ரப்பருக்குள் கிடக்கும் மணல் மாதிரி. இழுத்தால் அங்கிருந்துதான் கிழிசல் தொடங்கும். முதலில் களிமண்ணை மட்டும் ரப்பரில் அரைத்து, ஒரு நாள் ஆறவிட்டு, பிறகு கார்பன் பிளாக்கைச் சேர்த்துப் பாருங்கள். கார்பன் பிளாக்கையும் சில பாகம் குறைக்கலாம்.

கலவை முன்கூட்டியே வேகத் தொடங்குகிறது என்றீர்களே, அதற்கும் அதே களிமண்தான் காரணமாக இருக்கக்கூடும். அதன்மேல் பூசப்படும் அமோனியம் உப்புகள் வல்கனைசேஷனை, அதாவது கந்தகத்தால் ரப்பர் வெந்து இறுகுவதை, விரைவுபடுத்தும். வேகுதலை விரைவுபடுத்தச் சேர்க்கும் வேதிப்பொருளான ஆக்சிலரேட்டரைச் சற்றுக் குறையுங்கள். கந்தகத்தில் இப்போதைக்குக் கைவைக்க வேண்டாம்.

சோதனை: வெந்த ரப்பர் தகட்டைப் புது பிளேடால் வெட்டி, வெட்டுமுகத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். வெளிர்ப் புள்ளிகள் தெரிந்தால் கட்டி உறுதி. தெரியாவிட்டால் களிமண் தகடுகள் பிரிந்துவிட்டன என்று எண்ணிவிடக் கூடாது. அதற்கு எக்ஸ் கதிர்ச் சோதனை வேண்டும். களிமண் இல்லாத கலவையையும் அதே நேரம் அரைக்கும் உருளையில் ஓட்டி ஒப்பிடுங்கள். ஏனென்றால், அதிகம் அரைத்தாலே இயற்கை ரப்பரின் சங்கிலிகள் அறுந்து வலிமை போய்விடும்.

இவை களிமண்ணுக்கு மட்டும். சிலிக்கா என்றால் கதை தலைகீழ்: அது ஆக்சிலரேட்டரை உறிஞ்சி வேகும் நேரத்தை நீட்டும், அதை ரப்பரோடு பிணைக்கும் சிலேன் என்ற வேதிப்பொருளும் தேவைப்படும்.