அம்மாவிடம் ஏன் கொடுத்தனுப்பினீர்கள்?

கேள்வி: என் தம்பிக்கு 31 வயது. எட்டு வருடமாக மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறான். அம்மாவோடு இருக்கிறான். நான் திருமணமாகி இரண்டு தெரு தள்ளி வசிக்கிறேன். கையால் செய்த பொருள் மனநோய் உள்ளவர்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று படித்தேன். நான்கு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து குரோஷேயில் ஒரு போர்வை பின்னினேன். 'சீக்கிரம் பழைய தம்பியாகத் திரும்பி வா' என்று ஓரத்தில் எம்ப்ராய்டரியும் போட்டு அம்மாவிடம் கொடுத்தனுப்பினேன். அவன் பிரித்துப் பார்த்துவிட்டு, முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் அலமாரியில் வைத்துவிட்டானாம். ஒரு போன்கூடப் பண்ணவில்லை. மனசு விட்டுப்போச்சு. அடுத்து என்ன செய்து கொடுத்தால் அவனுக்குப் பிடிக்கும்? பொம்மை ஏதாவது செய்யலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: சகோதரி, உங்கள் முழுக் கடிதத்தையும் படித்தேன். நூல் தேடி அலைந்தது, பாதியில் கணக்குத் தப்பிப் பிரித்துப் பின்னியது, ஓரத்துக்கு எந்த நிறம் என்று யோசித்தது எல்லாம் இருக்கிறது. போர்வை நன்றாகத்தான் வந்திருக்கும். ஆனால் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள், அம்மாவிடம் கொடுத்தனுப்பினேன் என்று. அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

ஏன் கொடுத்தனுப்பினீர்கள்? நீங்கள் வெளியூரில் இல்லை. இரண்டு தெருதான். நான்கு மாதம் கண்விழிக்க முடிந்தவருக்கு, நடந்து போய்க் கதவைத் தட்டி, "இந்தாடா, உனக்குத்தான்" என்று கையில் கொடுக்க முடியவில்லையா? முகத்தில் சலனமே இல்லை என்று வருத்தப்படுகிறீர்கள். அந்த முகத்தை நீங்கள் பார்க்கவே இல்லையே! அம்மா பார்த்து வந்து சொன்னதற்குக் கோபித்துக்கொண்டிருக்கிறீர்கள். தம்பியைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள், என்ன பேசினீர்கள் என்று கடிதம் முழுக்கத் தேடினேன், கிடைக்கவில்லை. போன் பண்ணவில்லை என்கிறீர்களே, நீங்கள் பண்ணினீர்களா?

இது எனக்குப் புதிய கதை இல்லை. வீட்டில் ஒருவருக்கு மனநோய் என்றால் அண்ணன் பணம் அனுப்புவார், அக்கா துணிமணி அனுப்புவார், சித்தப்பா யாரோ ஒரு டாக்டரின் நம்பர் அனுப்புவார். வந்து பக்கத்தில் உட்காரத்தான் ஆள் இருக்காது. அந்த வேலை முழுக்க ஒருத்தர் தலையில், பெரும்பாலும் அம்மா தலையில் விழும். அனுப்புகிறவர்களுக்குப் பாசம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பயம்தான் காரணம். என்ன பேசுவது என்று தெரியாது, திடீரென்று கத்தினால் என்ன செய்வது என்று தெரியாது. மனச்சிதைவு உள்ளவர்கள் அடிப்பார்கள் என்று வேறு ஒரு எண்ணம். உண்மையில் அவர்கள் அடிப்பதைவிட அடிபடுவதுதான் அதிகம்.

முகத்துக்கு வருவோம். குரல் கேட்பது, வீண் சந்தேகம் இவையெல்லாம்தான் நோய் என்று பலர் நினைக்கிறார்கள். முகபாவம் குறைந்துபோவது, பேச்சு சுருங்குவது, எதையும் தொடங்கவே உந்துதல் இல்லாமல் போவது, இவையும் அதே நோய்தான். முதல் வகையை மாத்திரை கட்டுப்படுத்துகிற அளவுக்கு இரண்டாவது வகையைக் கட்டுப்படுத்துவதில்லை. சில மாத்திரைகளே முகத்தை இறுகவைப்பதும் உண்டு. உள்ளே ஏற்படுகிற சந்தோஷம் முகம்வரை வராமலே போகலாம். உங்கள் தம்பி போர்வையைப் பிரித்துப் பார்த்தார், தூக்கி எறியாமல் அலமாரியில் வைத்தார். அவருடைய நிலையில் அது சின்ன விஷயம் இல்லை.

அப்புறம் அந்த எம்ப்ராய்டரி. 'பழைய தம்பியாகத் திரும்பி வா.' தினமும் ராத்திரி அதைப் போர்த்திக்கொண்டு படுக்கிறவர், 'இப்போது இருக்கிற நான் இவர்களுக்கு வேண்டாம்' என்றுதான் படிப்பார். அமெரிக்காவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர் செய்த ஆய்வு ஒன்று உண்டு. மனச்சோர்வாலோ தற்கொலை எண்ணத்தாலோ மருத்துவமனையில் சேர்ந்து, வெளியே வந்தபின் தொடர்சிகிச்சையில் நிற்காத 843 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு மட்டும் ஐந்து வருடம் அவ்வப்போது ஒரு சின்னக் கடிதம் போனது. நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுதத் தோன்றினால் எழுதுங்கள் என்ற அளவில்தான் அதில் இருக்கும். மாத்திரை சாப்பிட்டீர்களா, எப்போது சரியாவீர்கள் என்று ஒரு கேள்வி இல்லை. 2001-இல் வெளியான முடிவின்படி, கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை குறைவாக இருந்தது, முதல் இரண்டு வருடத்தில் அந்த வித்தியாசம் தெளிவாகவே தெரிந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். கடிதம் எழுதியவர், மருத்துவமனையில் அந்த நோயாளியோடு நேரில் உட்கார்ந்து பேசிய அதே ஊழியர். முகம் தெரிந்தவர் அனுப்பிய கடிதம் அது. நீங்கள் இரண்டையும் தலைகீழாகச் செய்திருக்கிறீர்கள். முகத்தைக் காட்டவில்லை, கோரிக்கையை மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள்.

உங்கள் மனத்தாங்கலை அம்மா வழியாகத் தம்பி காதுக்குக் கொண்டுபோகாதீர்கள். "அக்கா எவ்வளவு கஷ்டப்பட்டுப் பின்னினா தெரியுமா" என்று ஒரு வார்த்தைகூட வேண்டாம். 1972-இல் லண்டனில் ஜார்ஜ் பிரவுனும் அவர் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், ஓயாத குறைசொல்லல், வெறுப்பு, அளவுக்கு மீறிய உருக்கம் இருந்த வீடுகளுக்குத் திரும்பிய மனச்சிதைவு நோயாளிகளில் 58 சதவீதம் பேருக்கு ஒன்பது மாதத்துக்குள் நோய் திரும்பியது. அவை குறைவாக இருந்த வீடுகளில் 16 சதவீதம். குடும்பத்தால் நோய் வருகிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. வந்த நோயோடு காலம் தள்ளுகிறவருக்கு வீட்டின் பேச்சு எவ்வளவு கனக்கிறது என்பதுதான் விஷயம். உருகி உருகிச் செய்வதும் அந்தக் கணக்கில் சேர்த்தி என்பதைப் பாருங்கள்.

பொம்மை வேண்டாம். அவர் 31 வயது ஆள்.

செய்து கொடுப்பதையே நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நோயையும் மாத்திரையையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள். இந்த மாத்திரைகளில் பலவற்றுக்கு உடம்பு போடும். பழைய அளவில் சட்டையோ ஸ்வெட்டரோ தைத்துக் கொடுத்தால், அது இறுக்கும்போதெல்லாம் அவருக்கு அவமானம். கை நடுக்கம் வரலாம், சின்னப் பித்தானும் கொக்கியும் ஆகாது. கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியலாம், பொடி எழுத்து வேண்டாம். உறுத்தாத நூலாக, மெஷினில் போட்டுத் துவைக்கிற மாதிரி இருக்கட்டும். பத்திரமாகக் கையாள வேண்டிய பொருள் அவருக்கு இன்னொரு சுமை. மறுபடி வார்டில் சேர நேர்ந்தால், நாடா, கயிறு, ஊசி, கண்ணாடி உள்ளதைப் பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள். முக்கியமாக, செய்து கொடுக்கிற பொருளில் எந்த வாசகமும் போடாதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று செய்யுங்கள். அடுத்த வேலைக்கு நூலை உருண்டைக் கண்டாக வாங்காமல் சிட்டமாக, அதாவது வளையமாக இருக்கிற நூலாக, வாங்குங்கள். அதைக் கண்டாகச் சுற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இரண்டு கையையும் நீட்டிச் சிட்டத்தைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் நூலை இழுத்துச் சுற்றவேண்டும். தம்பியிடம் எடுத்துப் போய், "கொஞ்சம் பிடிச்சுக்கோடா" என்று கேளுங்கள். கை நடுங்கினாலும் பிடிக்கலாம். பேச வேண்டியதில்லை, உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, நூலைப் பார்த்தால் போதும். நடுவில் எழுந்து போய்விட்டால் போகட்டும், மிச்சத்தை நாற்காலி முதுகில் மாட்டிச் சுற்றிவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். சொன்னபடி போங்கள். முடியாது என்றால் முடியாது என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை.

எனக்கென்று குடும்பம் இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது, அதில் அவரும் ஒருவர். கூடப்பிறந்தவருக்கு நோய் வந்தால் அது அம்மாவின் பாடு என்று மற்றவர்கள் ஒதுங்குவதை நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை, ஆணானாலும் பெண்ணானாலும். அம்மாவுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. அவர் காலத்துக்குப் பிறகு தம்பியின் பொறுப்பு உங்களிடம்தான் வரும். அன்றைக்கு முதல்முறையாக அவரைத் தெரிந்துகொள்ளப் போகிறீர்களா? எந்த மாத்திரை எந்த வேளைக்கு, நோய் கூடும்போது முதலில் எது மாறும், தூக்கமா சாப்பாடா, இதெல்லாம் இன்றைக்கு அம்மா ஒருத்தருக்குத்தான் தெரியும்.

இன்னொரு விஷயம், கவனமாகப் படியுங்கள். உங்கள் தம்பி தன்னுடைய பிரியமான பொருள்களை ஒவ்வொன்றாக மற்றவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.

அடுத்த டாக்டர் தேதி என்றைக்கு என்று அம்மாவிடம் கேளுங்கள். தம்பிக்குச் சம்மதமென்றால் அன்றைக்கு அம்மாவுக்குப் பதில் நீங்கள் கூடப் போங்கள். மருந்துச் சீட்டைக் கையோடு ஒரு பிரதி எடுத்து உங்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.