குறட்டை நின்றுபோகும் இடத்தைக் கவனியுங்கள்

தூக்கத்தில் மூச்சு தடைபடும் ‘ஸ்லீப் ஆப்னியா’ குறித்து வடசென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் தொழில்நுட்பராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய நம் உறுப்பினர் பதிலளிக்கிறார். சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர் என்பதால், அறிகுறிகளோடும் பரிசோதனையோடும் நம் உறுப்பினர் நின்றுகொள்கிறார்.

தண்டையார்பேட்டை வாசகி: வணக்கம் அம்மா. என் கணவர் துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார், வயது 46. இரவில் பெரிதாகக் குறட்டை விடுகிறார். திடீரென்று சத்தமே நின்றுவிடுகிறது. பிறகு தொண்டை அடைத்தவர்போல் திணறி மூச்சை இழுக்கிறார். காலையில் கேட்டால், “நான் நன்றாகத்தான் தூங்கினேன்” என்கிறார். இது வெறும் குறட்டைதானா?

பதில்: வெறும் குறட்டை என்று விட்டுவிடக் கூடாது, அம்மா. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சு போகும் வழி குறுகும்போது எழும் அதிர்வுதான் குறட்டை. அந்த வழி முழுதாக அடைபட்டால் காற்று போகாது, சத்தமும் வராது. ஆனால் நெஞ்சும் வயிறும் காற்றை இழுக்க முயன்று ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இரத்தத்தில் ஆக்சிஜன் குறையக் குறைய மூளை ஒரு கணம் விழித்துத் தசையை இறுக்கி வழியைத் திறக்கும். நீங்கள் கேட்கும் திணறல் அதுதான். அந்த விழிப்பு சில விநாடிகளே நீடிப்பதால் தூங்குபவருக்கு நினைவிருக்காது. ஆகவே அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிய வழியில்லை.

இந்த நோய்க்கு முதல் சாட்சி பக்கத்தில் படுப்பவர். நம் பகுதி வீடுகளில் ஒரே அறையில் நான்கு பேர் படுப்பதால் சாட்சிக்குப் பஞ்சமில்லை. அந்தச் சாட்சியத்தை மருத்துவரிடம் கொண்டுபோவதுதான் குறைவு. இரண்டு மூன்று இரவுகள் கைப்பேசியில் பத்துப் பதினைந்து நிமிடம் காணொளியாகப் பதிவு செய்யுங்கள். போர்வையை விலக்கி நெஞ்சும் வயிறும் தெரியும்படி எடுப்பது நல்லது. மூச்சு நிற்கும் நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள். 10 விநாடியோ அதற்கு மேலோ நின்றால்தான் பரிசோதனைக் கூடத்தில் அதை ஒரு தடையாகக் கணக்கில் எடுப்போம். எழுந்ததும் தலைவலி இருக்கிறதா, வாய் வறண்டிருக்கிறதா, உட்கார்ந்த இடத்தில் கண் சொருகுகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இவற்றோடு ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவிலோ காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ காட்டுங்கள். பரிசோதனையை எங்கே செய்வது என்பதை அவர்கள் எழுதித் தருவார்கள். அவர் கனரக வாகனம் ஓட்டுபவர் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் வண்டி வரிசையில் நிற்கும்போது கண் அயர்கிறார் என்றால், ஓடும் வண்டியிலும் அயரக்கூடும். தூக்கம் வந்தால் வண்டியை ஓரங்கட்ட வேண்டும் என்பதில் சமரசம் கூடாது.

பெரம்பூர் வாசகர் (ரயில்வேயில் பணி ஓய்வு பெற்றவர்): இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுகிறேன். சர்க்கரையும் இல்லை, புராஸ்டேட்டும் சரியாக இருக்கிறது என்கிறார்கள். இரத்த அழுத்தத்துக்கு மூன்று மாத்திரை சாப்பிட்டும் குறையவில்லை. இதற்கும் தூக்கத்துக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு, ஐயா; பலரும் தவறவிடும் அறிகுறி இது. அடைபட்ட தொண்டைக்கு எதிராக நெஞ்சு காற்றை இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து, இதயத்துக்கு வழக்கத்தைவிட அதிக இரத்தம் வந்து சேர்கிறது. உடலில் நீர் மிகுந்துவிட்டது என்று இதயம் தவறாகக் கணித்து ஒரு ஹார்மோனைச் சுரக்க, சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றுகிறது. ஒவ்வொரு மூச்சுத்தடையின்போதும் உடல் அபாய நிலைக்குப் போவதால் இரத்த அழுத்தமும் ஏறுகிறது. பல மாத்திரைகளுக்கும் அடங்காத அழுத்தத்துக்கு மூச்சுத்தடை ஒரு காரணமாக இருக்கலாம் என்பதை மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். அடுத்த முறை அழுத்தம் பார்க்கப் போகும்போது, “எனக்குத் தூக்கப் பரிசோதனை தேவைப்படுமா?” என்று நீங்களே கேளுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வியாசர்பாடி வாசகர்: நான் ஒல்லியானவன். எனக்கு இது வருமா?

பதில்: வரும், தம்பி. பருமன் பெரிய காரணம்தான். ஆனால் கீழ்த்தாடை உள்வாங்கியிருப்பவர்களுக்கும், டான்சில் பெருத்தவர்களுக்கும், மூக்கடைப்பு உள்ளவர்களுக்கும் எடை கூடாமலே வரலாம்.

இராயபுரம் வாசகி: என் ஆறு வயது மகன் வாயைத் திறந்தபடி தூங்குகிறான், குறட்டையும் விடுகிறான். நின்றுபோயிருந்த படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் மீண்டும் வந்துவிட்டது. வகுப்பில் ஓரிடத்தில் உட்காருவதில்லை என்று ஆசிரியை சொல்கிறார்.

பதில்: பெரியவர்கள் தூக்கம் கெட்டால் சோர்ந்துபோவார்கள், குழந்தைகள் பல நேரம் அதற்கு மாறாகத் துறுதுறுவென்று ஓடுவார்கள். அதனால் குறும்பு என்று அடி வாங்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இந்த வயதில் பெரும்பாலும் காரணம் மூக்கின் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் டான்சிலும் பெருத்திருப்பதே. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். கழுத்தைப் பின்னுக்கு வளைத்துத் தூங்குகிறானா, தூக்கத்தில் அதிகமாக வியர்க்கிறதா என்பதையும் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு மணிக்கு 5 தடைகளுக்குக் கீழ் இருந்தால் இயல்பு என்போம். குழந்தைக்கு மணிக்கு ஒன்றைத் தாண்டினாலே கவனிப்போம். ஆகவே “எப்போதோ ஒரு தடவைதானே நிற்கிறது” என்று இருந்துவிடாதீர்கள்.

திருவொற்றியூர் வாசகி (வயது 53): எனக்குக் குறட்டை அதிகம் இல்லை. ஆனால் நள்ளிரவில் விழித்துக்கொள்கிறேன். பகல் முழுவதும் அசதி. தூக்க மாத்திரை வாங்கிப் போடலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. மூச்சுத்தடை இருந்தால் சில தூக்க மாத்திரைகள் அதை மோசமாக்கும், மதுவும் அப்படியே. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு இந்நோய் கூடுகிறது. அவர்களிடம் இது குறட்டையாக வெளிப்படாமல் அசதி, தூக்கமின்மை, மனச்சோர்வு என்ற முகத்தோடு வருவதும் உண்டு. இரத்தசோகைக்கும் தைராய்டு குறைவுக்கும் இதே அசதி இருக்கும் என்பதால் அந்த இரண்டு இரத்தப் பரிசோதனைகளையும் மருத்துவர் கேட்பார்.

மணலி வாசகர்: தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பகலில் தூக்கம் வருவது ஷிப்டாலா, நோயாலா என்று எப்படிப் பிரிப்பது?

பதில்: தொடர்ந்து சில நாள் விடுமுறையில் போதுமான அளவு, அதாவது ஏழெட்டு மணி நேரம், தூங்கியபின்னும் கண் சொருகினால் ஷிப்டை மட்டும் குறை சொல்ல முடியாது. 1991-இல் மெல்போர்ன் நகரில் டாக்டர் முர்ரே ஜான்ஸ் வகுத்த எப்வொர்த் கேள்வித்தாளை மருத்துவர் தரக்கூடும். படிக்கும்போது, காரில் பயணியாகப் போகும்போது, மதியச் சாப்பாட்டுக்குப்பின் என எட்டுச் சூழல்களில் அயர்ந்துவிடும் வாய்ப்புக்குப் பூஜ்யம் முதல் 3 வரை மதிப்பெண் இட வேண்டும், மொத்தம் 24. பத்தைத் தாண்டினால் பகல் தூக்கம் மிகுதி என்று பொருள். அது ஒரு தடயம் மட்டுமே, நோய்க்கு முத்திரை அல்ல.

வண்ணாரப்பேட்டை வாசகி: என் அண்ணனுக்கு இரவுத் தூக்கப் பரிசோதனை எழுதித் தந்திருக்கிறார்கள். வலிக்குமா? உடம்பில் இத்தனை ஒயரை ஒட்டிக்கொண்டு தூக்கம் வருமா?

பதில்: ஊசியே கிடையாது. மாலையில் வரச் சொல்வார்கள். தலையிலும் கண்ணோரத்திலும் மோவாயிலும் பசை தடவி ஒயர்களை ஒட்டுவோம். மூக்கில் மெல்லிய குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை, விரலில் சிவப்பு விளக்கு எரியும் ஆக்சிஜன் கருவி, காலில் இரண்டு ஒயர். அன்று தலைக்கு எண்ணெய் வைக்காமல், குளித்துத் தலையை நன்றாகக் காயவைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். எண்ணெய் இருந்தால் ஒயர் வழுக்கிக்கொண்டு விழும், நாங்கள் நள்ளிரவில் வந்து எழுப்ப வேண்டியிருக்கும். பெண்கள் வந்தால் ஒரு விரலிலாவது நகச்சாயமும் மருதாணியும் இல்லாதபடி பார்த்துக்கொள்ளலாம். வழக்கமான மாத்திரைகளையும், விருப்பமானால் சொந்தத் தலையணையையும் எடுத்துவரலாம். வீட்டைப்போல் தூக்கம் வராதுதான். ஆனாலும் பெரும்பாலோருக்குக் கணக்கெடுக்கப் போதுமான தூக்கம் கிடைத்துவிடுகிறது. மணிக்கு 5 முதல் 15 வரை தடை இருந்தால் லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்குமேல் கடுமையானது என்று அறிக்கை சொல்லும்.

கொளத்தூர் வாசகர்: வீட்டிலேயே செய்யும் சிறு கருவிப் பரிசோதனை எடுத்தேன், ‘இயல்பு’ என்று வந்தது. ஆனால் மூச்சு நிற்பதைப் பார்த்ததாக மனைவி உறுதியாகச் சொல்கிறார். எதை நம்புவது?

பதில்: இரண்டும் உண்மையாக இருக்கலாம். வீட்டுக் கருவிகளில் பெரும்பாலானவை மூளை அலையைப் பதிவு செய்வதில்லை. அதனால் நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று அவற்றுக்குத் தெரியாது; தடைகளின் எண்ணிக்கையைக் கருவி ஓடிய மொத்த நேரத்தால் வகுக்கும். எட்டு மணி நேரம் கருவியைக் கட்டிக்கொண்டு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கியிருந்தால், உண்மையான கணக்கில் பாதிதான் அறிக்கையில் தெரியும். பலருக்கு மல்லாந்து படுத்தால்தான் தடை கூடுகிறது. அன்று முழுவதும் ஒருக்களித்துப் படுத்திருந்தாலும் குறைவாகக் காட்டும். அறிகுறி வலுவாக இருந்து வீட்டுப் பரிசோதனை இயல்பாக வந்தால், கூடத்தில் முழு இரவுப் பரிசோதனை செய்வதே முறை. அறிக்கையின் கடைசி வரியை மட்டும் அல்லாமல், எத்தனை மணி நேரம் பதிவானது, எந்தப் பக்கம் படுத்தீர்கள் என்ற பக்கங்களையும் மருத்துவரிடம் காட்டி, கூடப் பரிசோதனைக்கு எழுதித் தருமாறு கேளுங்கள்.