வளையமா, துண்டா, பல மையமா? நகர அமைப்பு மாதிரிகள் குறித்து வாசகர் கேட்டவை

பர்கஸின் வளைய மாதிரியில் இருந்த குறையை ஹாய்ட் திருத்தினார், ஹாய்ட்டின் குறையை ஹாரிசும் உல்மனும் திருத்தினார்கள் என்றே எங்கள் வகுப்புக் குறிப்புகளில் உள்ளது. அப்படியானால் முதல் இரண்டையும் இன்னும் ஏன் படிக்க வேண்டும்?
– முதுகலைப் புவியியல் மாணவி, திருச்சி

விடைத்தாளில் எழுதுவதற்கு வசதியான வரிசை அது. ஆனால் இவர்கள் ஒரே கேள்விக்கு அடுத்தடுத்து விடை சொன்னவர்கள் அல்லர். ஒவ்வொருவரும் கேட்ட கேள்வியே வேறு.

எர்னஸ்ட் பர்கஸ் சிகாகோ பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர். 1840-இல் 4,500 பேர்கூட இல்லாத சிகாகோ, 1890-இல் பத்து லட்சத்தைத் தாண்டி, 1930-இல் ஏறத்தாழ 34 லட்சத்தைத் தொட்டது. போலந்திலிருந்தோ இத்தாலியிலிருந்தோ வந்திறங்கிய ஒரு குடும்பம் முதலில் எங்கே தங்குகிறது, கையில் நாலு காசு சேர்ந்த பிறகு எந்தப் பக்கம் குடிபெயர்கிறது என்பதைத்தான் அவர் கவனித்தார். அதை 1925-இல் ஐந்து வளையங்களாக வரைந்தார். நடுவில் 'லூப்' எனப்படும் வணிக மையம். அதைச் சுற்றி, வணிகம் விரிந்து வருவதால் மாறிக்கொண்டிருக்கும் வட்டாரம்; புதிதாக வந்த ஏழைகள் தங்கிய இடம் இதுதான். பிறகு தொழிலாளர் வீடுகள், வசதியானோர் குடியிருப்பு, கடைசியில் ரயிலில் வேலைக்கு வந்துபோவோரின் புறநகர். சிகாகோவின் கிழக்கே மிச்சிகன் ஏரி இருப்பதால் பாதி வளையம் தண்ணீருக்குள் விழுகிறது என்பதைப் பாடநூல் படங்கள் பெரும்பாலும் காட்டுவதில்லை. பர்கஸ் சிகாகோவை வைத்து வரைந்த படத்தில் ஏரிக்கரைக் கோடு தெளிவாகவே இருக்கிறது.

ஹோமர் ஹாய்ட் நில மதிப்பு நிபுணர். அமெரிக்க அரசு 1934-இல் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகத்தை அமைத்து, வீட்டுக் கடன்களுக்குக் காப்புறுதி அளிக்கத் தொடங்கியது. இருபது ஆண்டுத் தவணையில் கடன் கொடுக்கும்போது, அத்தனை ஆண்டுகளும் அந்த வீட்டின் மதிப்பு நிற்குமா என்பது கடன் கொடுப்பவரின் கவலை. அந்த நிறுவனத்துக்காக ஹாய்ட் 1939-இல் வெளியிட்ட ஆய்வு, நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களின் வாடகை விவரங்களைத் தெருத்தொகுதி வாரியாகப் பார்த்தது. உயர்ந்த வாடகைப் பகுதிகள் வளையமாகச் சுற்றி அமையாமல், மையத்திலிருந்து ஒரு திசையில் வெளிநோக்கி விரியும் துண்டாக நீள்கின்றன என்று அவர் கண்டார். சிகாகோவின் பெருஞ்செல்வர்கள் முதலில் தெற்கே பிரெய்ரி அவென்யூவில் வாழ்ந்தார்கள். 1880-களில் பாட்டர் பாமர் என்ற வணிகர் வடக்கே ஏரிக்கரையில் மாளிகை கட்டிக் குடியேறினார். மற்றவர்களும் படிப்படியாகப் பின்தொடர்ந்தார்கள். அதன் பிறகு விலை உயர்ந்த குடியிருப்பு அதே கரையைப் பிடித்துக்கொண்டு எவன்ஸ்டன் என்ற புறநகருக்கும் அதற்கு அப்பாலும் நீண்டது.

சான்சி ஹாரிசும் எட்வர்டு உல்மனும் புவியியலாளர்கள். ஒன்றுக்கொன்று ஒத்துவராத தொழில்கள் நகரத்துக்குள் எப்படி இடம் பிரித்துக்கொள்கின்றன என்பது 1945-இல் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. சிகாகோவின் யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் என்ற கால்நடைச் சந்தையைப் பாருங்கள். 1865-இல் நகர எல்லைக்கு வெளியே, சதுப்பு நிலத்தில், பல ரயில் பாதைகள் வந்து சேரும்படி அது அமைக்கப்பட்டது. மாடும் பன்றியும் வந்து குவியும் இடத்துக்குப் பரந்த மலிவான நிலமும் தண்டவாளமும் வேண்டும். அந்த நாற்றத்தின் அருகே துணிக்கடை வைக்க யாரும் வரமாட்டார்கள். இறைச்சி ஆலைகள் அதை ஒட்டி வளர்ந்தன, ஆலைத் தொழிலாளர் வீடுகள் அவற்றைச் சூழ்ந்தன. 1889-இல் நகர எல்லை அதையும் உள்ளே இழுத்துக்கொண்டது. லூப்பிலிருந்து பரவி வந்த பகுதி அல்ல அது. தனக்கென்று பிறந்த மையம். நகரம் இப்படிப் பல மையங்களைச் சுற்றி வளர்கிறது என்பதே அவர்கள் மாதிரி.

ஆக, ஒரே சிகாகோவின் மேல் மூன்று படங்களையும் வைத்துப் பார்க்கலாம். எந்தப் படம் யாருடைய கேள்விக்கு வரையப்பட்டது என்று எழுதும் மாணவருக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

நகர மையத்தை ஒட்டிய நிலத்தின் விலை மிக அதிகம் என்கிறார்கள். அங்கேதான் ஏழைகள் வாழ்ந்ததாகவும் பர்கஸ் சொல்கிறார். இது முரண் அல்லவா?
– பள்ளி ஆசிரியர், தருமபுரி

நிலத்தின் விலையையும் வீட்டின் மதிப்பையும் தனித்தனியாகப் பார்த்தால் முரண் நீங்கிவிடும். லூப்புக்குப் பக்கத்தில் ஒரு காலத்தில் வசதியான குடும்பம் கட்டிய மூன்று மாடி வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். வணிக மையம் விரிந்துகொண்டே வருகிறது; இன்னும் சில ஆண்டுகளில் கிடங்குக்கோ அலுவலகத்துக்கோ அந்த மனையை நல்ல விலைக்கு விற்கலாம் என்று உரிமையாளர் காத்திருக்கிறார். இடிக்கப்போகும் வீட்டின் கூரையை அவர் எதற்குச் செப்பனிட வேண்டும்? அதுவரை வருமானம் வரட்டும் என்று அறைகளைத் தடுத்து, அறைக்கு ஒரு குடும்பமாக வாடகைக்கு விடுகிறார். ஒரு குடும்பம் கொடுக்கும் வாடகை சிறிதுதான் என்றாலும், அந்த மனையிலிருந்து மொத்தமாகக் கிடைக்கும் வாடகை சிறிதல்ல. டிராம் கட்டணம் கொடுக்க இயலாத, வேலைக்கு நடந்தே போகவேண்டிய குடும்பத்துக்கும் வேறு வழியில்லை. வில்லியம் அலோன்சோ 1964-இல் வாடகைப் போட்டிக் கோட்பாட்டின் மூலம் இதே விடைக்கு வந்து சேர்ந்தார்: வசதியுள்ளவர் பரந்த இடத்துக்காகத் தொலைவைப் பொறுத்துக்கொள்கிறார், ஏழைகள் நெருக்கமாக வாழ்ந்து விலை உயர்ந்த நிலத்தைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

வளையங்கள் இயல்பாக உருவாகுபவை என்றால், கறுப்பின மக்கள் மட்டும் ஏன் வெளிவளையங்களுக்கு எளிதில் நகர முடியவில்லை?
– வாசகர், மதுரை

மாதிரியின் மிக முக்கியமான பலவீனத்தைத் தொட்டுவிட்டீர்கள். பர்கஸின் படத்திலேயே தெற்கு நோக்கி ஒரு குறுகிய பட்டை வளையங்களை வெட்டிக்கொண்டு போகிறது. அதற்கு அவர் இட்ட பெயர் 'பிளாக் பெல்ட்'. தென் மாநிலங்களிலிருந்து வந்தவர்களால் சிகாகோவின் கறுப்பின மக்கள்தொகை 1910-இல் சுமார் 44,000 ஆக இருந்தது 1930-இல் சுமார் 2,34,000 ஆனது. இத்தனை பேரும் பட்டைக்குள்ளேயே நெருக்கப்பட்டதற்குப் போட்டியும் இயல்பும் காரணமல்ல. கறுப்பினத்தவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்ற நிபந்தனையைச் சுற்றியிருந்த வீட்டு உரிமையாளர்கள் பத்திரத்திலேயே எழுதிவைத்தார்கள். நீதிமன்றங்கள் அந்த நிபந்தனையை நிறைவேற்றித் தரக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948-இல்தான் தீர்ப்பளித்தது. ஹாய்ட்டும் இதில் கைகழுவிவிட முடியாது. 1933-இல் அவர் சிகாகோ நில மதிப்பைப் பற்றி எழுதியபோது, நிலவிலைக்கு நன்மை தருவோர் முதல் தீமை தருவோர் வரை இனங்களை வரிசைப்படுத்திப் பட்டியலிட்டார். கறுப்பினத்தவரும் மெக்சிகோவினரும் அதன் அடியில் இருந்தார்கள். நிலவரத்தைச் சொல்வதாகத் தோன்றும் இத்தகைய பட்டியல், கடன் கொடுப்பவர் கைக்குப் போனதும் விதியாகிவிடும்.

பர்கஸிடமே பயின்ற கறுப்பினச் சமூகவியலாளர் ஃபிராங்க்ளின் ஃபிரேசியர் 1930-களின் தொடக்கத்தில் அந்தப் பட்டைக்குள்ளேயே அளந்து பார்த்தார். லூப்பிலிருந்து தெற்கே போகப்போகச் சொந்த வீடு உள்ளவர்கள் கூடினார்கள். நாலு காசு சேர்ந்தால் வெளியே நகர்வது அவர்களுக்கும் உண்டு, ஆனால் வேலிக்குள் மட்டும் என்பதையே இது காட்டுகிறது.

எங்கள் ஊரின் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி ஆகியவையும் பர்கஸின் வளையங்கள்தானே?
– அதே வாசகர்

உருவம் ஒன்று, காரணம் வேறு. மதுரையின் வீதிகள் கோயிலை மையமாக வைத்துத் திட்டமிட்டு வகுக்கப்பட்டவை. வெளி வீதியும் 1840-களில் ஆட்சியர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அமைத்ததே. தொழில்மயத்துக்கு முந்திய நகரங்களில் செல்வாக்குள்ளோர் மையத்திலும் எளியோர் விளிம்பிலும் வாழ்ந்தார்கள் என்று கிடியன் ஷோபர்க் 1960-இல் சொன்ன மாதிரிதான் இதற்குக் கிட்டத்தில் வரும். அது பர்கஸின் படத்தைத் தலைகீழாக்கியது போன்றது.

இன்றைய சிகாகோவுக்கு வளைய மாதிரி பொருந்துமா?
– போட்டித் தேர்வு எழுதுபவர், சேலம்

படம் பெரும்பாலும் பொருந்தாது. லூப்புக்கு அருகே, அன்று 'லிட்டில் ஹெல்' என்று பெயர் எடுத்திருந்த சேரிப் பகுதியில் கேப்ரினி–கிரீன் என்ற அரசுக் குடியிருப்பு 1942 முதல் 1962 வரை கட்டப்பட்டது; அதன் கடைசி அடுக்ககம் 2011-இல் இடிக்கப்பட்டு, இப்போது அங்கே விலை உயர்ந்த வீடுகள் எழுந்துள்ளன. மையத்தை ஒட்டிய மனையை விற்கக் காத்திருந்தார் என்று மேலே சொன்ன உரிமையாளரின் கணக்கு இப்படிப் பலிக்கிறது, வாங்க வருபவர்தான் அலுவலகத்துக்குப் பதிலாக வசதியான குடும்பம். ஆனால் பர்கஸின் கணக்கு நகரம் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதன் மேல் நிற்கிறது. கால்நடைச் சந்தை 1971-இல் மூடப்பட்டது, ஏரிக்கரையின் பெரிய எஃகு ஆலை 1992-இல் மூடப்பட்டது. 1950-இல் 36 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2020-இல் 27.5 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. தெற்கிலும் மேற்கிலும் வாங்க யாரும் வராத மனைகளில் வீடுகள் இடிந்து, தெருத்தொகுதிகள் பல வெற்றிடமாகவே கிடக்கின்றன. இந்த நிலைக்கு அவருடைய ஐந்து வளையங்களில் இடம் இல்லை.